கிள்ளானில் அறுபத்து மூன்றாம் பக்கம்

என் புத்தகங்களுக்கு வாசகர் கடிதம் வருவது அபூர்வம். வந்தாலும் அச்சுப்பிழைப் பட்டியலாகத்தான் இருக்கும். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டே, உள்ளூர்ப் பதிப்பாளர் ஒருவருக்காகச் சின்னச் சின்ன வாழ்க்கை வரலாறுகள் எழுதிவந்தேன். அவற்றில் ஒன்று, அமெரிக்கா ஒரு நாடாகத் திரண்ட தொடக்கக் காலத்தில் அதன் பெருந்தலைவர்களில் ஒருவருடைய மனைவியைப் பற்றியது. கணவர் போர் என்றும் ஆட்சி என்றும் ஊர் ஊராக அலைய, அந்த அம்மாள் தோட்டம் துரவைப் பார்த்துக்கொண்டார். குளிர்காலம் வந்தால் வண்டி கட்டிக்கொண்டு கணவரின் பாசறைக்குப் போனார். கணவர் இறந்த பிறகு, இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை எல்லாம் எரித்துவிட்டார். ஏதோ இரண்டு மூன்று தப்பின. அதைப் பற்றி அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தேன்: 'ஏன் எரித்தார் என்று யாருக்கும் தெரியாது. வரலாற்றுக்கு இது பேரிழப்பு.'

மலேசியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாள், பெரிய பெரிய எழுத்து. அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தேன், யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும், நேரில் வந்தால் சொல்கிறேன். அந்த அம்மாளின் தோட்டத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி அரை வரிதான் இருக்கிறது, அதையும் கேட்க வேண்டும். இப்படிக்கு, பாக்கியம், மேரு சாலை, கிள்ளான். அவ்வளவுதான்.

என் கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இந்த அம்மாள் உன்னை மாதிரியே இருக்கிறாரே என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவளிடம், எங்கோ இருக்கிற ஒருத்தி எனக்குத் தெரியும் என்று சொன்னால் சும்மா இருக்க முடியுமா? இரண்டாம் பதிப்புக்கான திருத்தங்களைத் தீபாவளிக்குள் கொடுக்கச் சொல்லியிருந்தார் பதிப்பாளர். கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்ட என் பழைய மாணவி வசந்தியோ, வருடம் தவறாமல் வாங்க டீச்சர் என்று எழுதிக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு ஆகஸ்டில், பள்ளிக்குப் பத்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பயண ஏற்பாடுகளைப் பற்றிச் சொல்லி உங்களைச் சோதிக்கமாட்டேன்.

வசந்தியின் வீடு பிரிக்பீல்ட்ஸில். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் வரிசை வீடு. வெயில் திருச்சி வெயில்தான், ஆனால் நனைந்த வெயில். சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். இலையில் வெள்ளரிக்காயை அன்னாசியோடு சேர்த்துப் பச்சடி வைத்தார்கள். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பாகற்காயை அப்பளம் போல மொறுமொறுவென்று பொரித்திருந்தார்கள். நம் ஊர்க் குழந்தைகளுக்கு இப்படிப் பொரித்துப் போட்டால் பாகற்காய்க்கு இத்தனை கெட்ட பெயர் வந்திருக்காது.

வசந்தியின் கணவர் யாழ்ப்பாண வழி வந்தவர். அப்பா, தாத்தா எல்லோரும் ரயில்வேயில் கணக்கர்கள், இவரும் அங்கேதான். கடிதத்தைக் காட்டினேன். பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது தலைவற்ற மனிசியெல்லோ" என்றார்.

தலைவரின் மனைவி அல்லவா என்கிறார். தலைவர் என்றால் இங்கே ஒருவர்தானாம். ரப்பர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய முதல் தலைமுறைக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு வருடம் காவலில் இருந்தவர். நாடு விடுதலையான பிறகு சட்டமன்றத்திலும் உட்கார்ந்தவர். நாலு வருடம் முன்பு காலமானார். அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்காக ஒரு கூட்டம் என்றார். எனக்கு முதல் முறையாகக் கொஞ்சம் பயம் வந்தது. கடிதம் எழுதியவர் அச்சுப்பிழை பார்க்கிற யாரோ ஒரு பாட்டி என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

சாயங்காலமே மலர்க் குழுச் செயலாளர் மாணிக்கம் தேடிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா, நல்ல மனிதர். என் புத்தகத்தை பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிப் பாக்கியம் அம்மாளிடம் கொடுத்ததே அவர்தானாம். தலைவரின் மனைவியைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று தெரியாமல் இருந்தோம், உங்கள் புத்தகம்தான் வழிகாட்டியது என்று மலரில் வரப்போகும் அத்தியாயத்தை நீட்டினார். படித்தேன். 'கணவரின் பணி நாட்டுப் பணி என்று உணர்ந்து, இல்லத்தின் பாரத்தை முகமலர்ச்சியோடு ஏற்றார்.' என் வாக்கியம். 'பிரிவின் துயரைப் புன்னகையால் வென்றார்.' இதுவும் என் வாக்கியம். அமெரிக்கப் பெயர் இருந்த இடத்தில் பாக்கியம் அம்மாளின் பெயர் உட்கார்ந்திருந்தது. நாம் சமைத்த குழம்பை அடுத்த வீட்டில் நமக்கே பரிமாறினால் எப்படி விழிப்போமோ அப்படி விழித்தேன்.

அவர் வந்த காரியம் வேறு. தலைவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் மலரில் போடப்போகிறார்கள். பாக்கியம் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை மேடையில் வைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் காவலில் இருந்தபோது எழுதிய ஒரே ஒரு கடிதத்தை மட்டும் தரமாட்டேன் என்கிறாராம். விடுதலையாகி வந்த ஒருவர் சட்டைக் காலருக்குள் வைத்துத் தைத்து ரகசியமாகக் கொண்டுவந்து சேர்த்தது அது.

"அதுலதான் ஏதோ இருக்கு, டீச்சர். நீங்க சொன்னா கேப்பாங்க லா. நீங்க புக் எழுதுன ஆளு" என்றார்.

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். வரலாற்று ஆசிரியைக்கு அப்படி ஒரு கடிதம் இருக்கிறது என்று காதில் விழுந்த பிறகு வேறு பதில் வராது.

மறுநாள் கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். வசந்தி கூட வருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். சுங்கை வே பக்கம் போகும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, பஸ் ஒரு முனகலோடு நின்றது. தொழிற்சாலை ஷிப்ட் முடிந்த பெண்கள், நீலச் சட்டை போட்டவர்கள், பஸ்ஸில் நிறைந்திருந்தார்கள். ஒருத்தி இறங்கி ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் பையில் காப்பி வாங்கி வந்தாள். பையின் வாயை ரப்பர் வளையத்தால் கட்டி, உறிஞ்சுகுழல் செருகி, விரலில் தொங்கவிட்டுக்கொண்டு குடிக்கிறார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். எங்கே கீழே வைப்பது என்று தெரியாமல், பஸ் கிளம்பும்வரை கோயில் மணி மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மலாய்ப் பெண்கள் இரண்டு பேர் என் பையைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: இந்த ஆன்டி பை நிறைய ஊறுகாய் கொண்டுபோகிறார், வாசனைக்கே பசிக்கிறது என்கிறார்களாம். உண்மைதான். பாக்கியம் அம்மாளுக்கு நார்த்தங்காய் கொண்டுபோனேன்.

கிள்ளானில் இறங்கி, மேரு போக வேண்டும் என்று இன்னொரு பஸ்ஸில் ஏறினேன். அது என்னைப் பத்திரமாக மேருவிலேயே கொண்டுபோய் இறக்கியது. நான் போக வேண்டியது ஊரின் விளிம்பில் இருக்கிற மேரு சாலை. மேரு என்பதோ அதே சாலையில் வெகுதூரம் தள்ளி, தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் இருந்தது. திரும்பி வந்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி மூன்று.

கதவு திறந்திருந்தது. ஒல்லியான, நரைமுடியைக் கொண்டை போட்ட ஒரு பெண்மணி தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காருங்க என்று கையால் மட்டும் சொன்னார். ஆட்டம் முடியும்வரை பேச்சில்லை. மலேசியக்காரன் தோற்றுப்போனான் என்று தெரிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, பஸ் மேருவுக்குக் கொண்டுபோயிருக்குமே என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்த்தான் வருகிறார்களாம். அறுபத்தாறு வயது என்றார். பார்த்தால் சொல்ல முடியாது.

தேநீர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்த அம்மா தோட்டத்துல பெரட்டு எடுத்தது யாரு?"

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பாக்கியம் அம்மாள் இருபது வருடம் ரப்பர் மரம் சீவியவர். என் புத்தகத்தில் தோட்டம் என்ற சொல்லைப் பார்த்ததுமே அவருக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது. அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள் என்று சொன்னேன். அது தெரியுது, அரை வரி போட்டிருக்கீங்க என்றார். அவர்களுக்கு லயம், அதாவது குடியிருப்பு வரிசை, இருந்ததா, பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், அந்த அம்மாள் அவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது நிறைய. தோட்டத்தைத் திறமையாக நிர்வகித்தார் என்று நான் எழுதியதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அதுக்கு அவசரமில்ல, நாலு நாள் இங்கேயே இருங்க என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். நார்த்தங்காயை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை ஒரு சதுர பிஸ்கட் டின்னை என் முன்னால் வைத்தார். சிவப்புக் கயிறு கட்டிய கட்டு ஒன்று, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய பொட்டலம் ஒன்று.

"கட்டுல இருக்கிறதைப் படிங்க. துணியில இருக்கிறது வேண்டாம், டீச்சர்."

கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு கடிதமும் 'என் உயிருக்கு உயிரான பாக்கியத்துக்கு' என்றுதான் தொடங்கியது. இரண்டாவது வரியிலேயே உயிர் போய்விடும். பாட்டாளி மக்களின் விடிவு, ஒற்றுமையின் வலிமை, கள்ளுக் கடையால் வரும் கேடு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கடமை. மூன்று பக்கம், நாலு பக்கம். நல்ல தமிழ், நல்ல வேகம். கடைசியில் 'அனைவருக்கும் என் வணக்கம்'. முப்பது கடிதத்தில் ஒன்றில்கூட நீ எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி இல்லை. மனைவிக்கு வணக்கம் சொல்லி முடிக்கிற கணவனை நான் அங்கேதான் பார்த்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

பாக்கியம் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் அவருக்கு எழுத்து தெரியாது. தோட்டத்துக்குத் தபால் வந்தால் கிராணி என்கிற ஆபீஸ் குமாஸ்தா வாங்கிவைப்பார். படிக்கத் தெரியாதவர்களின் கடிதத்தைச் சாயங்காலம் லயத்துக்கு முன்னால் நின்று சத்தமாகப் படிப்பார். தலைவர் கடிதம் வந்திருக்கிறது என்றால் ஆறு லயமும் கூடிவிடும். காவலில் இருந்து வந்தால் அதற்கு முன்பே ஒரு அதிகாரி படித்துக் கறுப்பு மை பூசியிருப்பார். இத்தனை காது கேட்கும் என்று தெரிந்த மனிதர் கூட்டத்தில் பேசுவது போலத்தான் எழுதினார்.

"நான் கெட்டிலைத் தூக்கிக்கிட்டுக் கடைசியில நிப்பேன். எல்லாருக்கும் டீ ஊத்தணும்ல. என் பேரு சொல்றது மட்டும் கேக்கும். அப்புறம் கை தட்டுவாங்க."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பிறகு, தலைவரைக் காவலில் வைத்த வருடம், தோட்டத்துப் பள்ளி வாத்தியாரின் மனைவியிடம் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டாராம். எட்டு மாதம். முதன்முதலாக அவரே எழுதிய கடிதத்தில், இப்போது எனக்குப் படிக்கத் தெரியும், எனக்கு எழுதுங்கள் என்று எழுதினார். அதற்கு வந்த பதில்தான் துணியில் இருப்பது. விடுதலையான பிறகு அவர் வீட்டில் இருந்ததே குறைவு. தோட்டம் தோட்டமாக அலைந்தார், அப்புறம் சட்டமன்றம். நினைத்தால் தந்தி கொடுப்பார். கடிதம் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன், சாப்பிடுவீங்கதானே என்று கேட்டுவிட்டுப் பாக்கியம் அம்மாள் கிளம்பினார். டின் மேசைமேல் இருந்தது.

இனி எழுதுவதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் செய்ததை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. பத்து நிமிடம் கட்டுக் கடிதங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஒருவேளை இந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது யாருக்குமே தெரியாமல் போய்விடுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மாணிக்கத்தை நினைத்துக்கொண்டேன். வரலாற்றை நினைத்துக்கொண்டேன். அப்புறம் கைக்குட்டையைப் பிரித்துவிட்டேன். காலருக்குள் போவதற்காக எட்டாக மடித்திருந்த தாள், மடிப்புகளில் கிழிய ஆரம்பித்திருந்தது. பென்சில் எழுத்து. மேலே 'என் உயிருக்கு உயிரான' எல்லாம் இல்லை. மூன்று வரி படித்தேன். வாசலில் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. மடித்துச் சுற்றி வைத்துவிட்டேன். வந்தவர் பக்கத்து வீட்டுச் சீன அம்மாள், ஒரு கிண்ணத்தில் ஏதோ பலகாரம் கொண்டுவந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று மலாயில் கேட்டார் போலிருக்கிறது. மீண்டும் பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் மீன் குழம்பு பிரமாதம். எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம், தெரு முழுவதும் புகை. சீனர்களுக்கு அது செத்துப்போனவர்கள் பூமிக்கு வந்துபோகும் மாதமாம். வீட்டுக்கு வீடு வாசலில் டின் வைத்து, காகிதப் பணம், காகிதச் சட்டை, காகிதச் செருப்பு எல்லாம் போட்டு எரிக்கிறார்கள். எரித்தது போனவர்களிடம் போய்ச் சேரும். நாம் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம், இவர்கள் தபாலே அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மாளின் டின்னில் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது.

பாக்கியம் அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். கையில் வெள்ளைக் கைக்குட்டை. அவர் டின் அருகே போய் அந்த அம்மாளிடம் மலாயில் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, விரலை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். பாக்கியம் அம்மாள் திகைத்துப்போய் நின்றதைப் பார்த்து என்ன என்று கேட்டேன். போடும்போது யாருக்கு என்று பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். சொல்லாமல் போட்டால், கேட்பாரற்று அலைகிற ஆவிகள் வழியிலேயே பறித்துக்கொண்டு போய்விடுமாம்.

இதில் என்ன கஷ்டம் என்று அந்தச் சீன அம்மாளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்கும் திருமணமாகி இருபத்து மூன்று வருடம், என் கணவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைச் சொல்லச் சொல்வேன். பாக்கியம் அம்மாள் தம் கணவரை அவரு என்பார், வந்தவர்களிடம் தலைவர் என்பார், அதற்கு மேல் இல்லை. ஊரே ஒலிபெருக்கியில் கத்திய பெயர் அது, பாக்கியம் அம்மாள் ஒருவரைத் தவிர.

"நீங்க சொல்லுங்க, டீச்சர்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். உடனே, வேண்டாம் என்று கையைக் காட்டினார். டின்னுக்கு இன்னும் ஒரு அடி கிட்டே போனார்.

"வேலாயுதம்" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் இன்னும் உரக்க என்று சைகை காட்டினார். இரண்டாவது முறை தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். எதிர்வீட்டில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பாக்கியம் அம்மாளின் முகம் புதுப்பெண்ணுக்கு மாதிரிச் சிவந்துவிட்டது. கைக்குட்டையோடு சேர்த்துப் போட்டார். துணிதான் முதலில் பிடித்தது. போலே, போலே என்று அந்த அம்மாள் தட்டிக்கொடுத்தார். சரி, ஆகும் என்று அர்த்தம்.

எல்லாம் எரிந்து முடிந்தது. பேரிழப்பு என்ற சொல் எனக்குத் தோன்றவே இல்லை.

"ஊரே கேட்ட கடுதாசி ஊருக்கு. நாளைக்குக் கொடுத்துருவேன்" என்றார். "எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். நான் போனப்புறம் இதையும் மைக்கு வச்சுப் படிப்பாங்க, கை தட்டுவாங்க. அந்த அமெரிக்கா அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நாட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் அவ்வளவுதான். அதையும் எப்படிக் கொடுக்கிறது?"

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா, நேற்று நீங்கள் பாசாருக்குப் போனபோது என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். மடிப்பு மாறி இருந்துச்சு" என்றார். "எவ்வளவு படிச்சீங்க?"

"மூணு வரி."

அவர் குச்சியால் சாம்பலைக் கிளறினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் நான் பட்டதில்லை.

"என்கிட்ட இருந்தது எரிஞ்சிருச்சு. உங்ககிட்ட மூணு வரி இருக்கு. அதை நீங்கதான் எரிக்கணும்."

நடந்ததை எழுதலாமா என்று பிறகு உள்ளே வந்து கேட்டேன். எரித்ததை எழுதுங்கள், எழுதியிருந்ததை எழுதாதீர்கள் என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நார்த்தங்காயை அவரே எடுத்து எனக்கு வைத்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடைப் பதாகையில் வேலாயுதம் என்று ஆளுயர எழுத்து. பாக்கியம் அம்மாள் சிவப்புக் கயிறு கட்டிய கட்டை மாணிக்கத்திடம் கொடுத்தார், கை தட்டினார்கள். ஒரு கடிதத்தை ஒருவர் கணீரென்று வாசித்தார். பாக்கியம் அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை தேநீர் வேறு யாரோ ஊற்றினார்கள்.

வாசித்து முடிந்ததும் மாணிக்கம் என் பக்கத்தில் வந்து குனிந்தார். அந்த ஒரு கடிதம் என்ன ஆயிற்று, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணும் நான் பாக்கலையே" என்றேன்.

பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எங்கும் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் தடுமாறாமல் வந்தது. முன் வரிசையில் பாக்கியம் அம்மாள் திரும்பவில்லை. வடையை மெல்லுவதை மட்டும் ஒரு நொடி நிறுத்தினார்.

ஊருக்குத் திரும்பியதும், மலருக்குப் போன என் வாக்கியங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மாணிக்கத்துக்கு எழுதினேன். அவர் அந்த அத்தியாயத்தைப் பாக்கியம் அம்மாளிடமே கேட்டு எழுதிக்கொண்டதாகப் பதில் போட்டார். என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில், அந்த அமெரிக்கத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களைப் பற்றித் தேடிப் படித்து இரண்டு பக்கம் சேர்த்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தில், பேரிழப்பு என்ற வாக்கியத்தை அடித்துவிட்டேன். 'ஏன் எரித்தார் என்று யாருக்கும் தெரியாது' என்பதை மட்டும் அப்படியே விட்டேன். மூன்று வரியும் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. என் கணவர் இரண்டு முறை கேட்டார், சொல்லவில்லை.

புதுப் பதிப்பைக் கிள்ளானுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பெரிய பெரிய எழுத்தில் ஒரு அஞ்சலட்டை வந்தது.

'தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு பக்கம் போதாது. அறுபத்து மூன்றாம் பக்கம் பார்த்தேன். அது இருக்கட்டும்.'